வியூஸ் சாமியின் உள்ளங்கை

"வண்டிய அவருக்குத் தூக்கிக் குடுத்துட்டு வண்டி வீடியோ எதுல எடுப்பீங்க? என் முதுகுல ஏறியா?"

"சாமி கேட்டா காரணம் இருக்கும். உனக்கு நம்பிக்கை கிடையாது. அதான் சேனல் வளரல."

"பார்சலையெல்லாம் நாளைக்குத் தோள்ல சுமந்துட்டுப் போங்க. சாமி ஓடி வந்து ஒரு கை பிடிப்பாரு."

பக்கத்து வீட்டுச் சண்டை. நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். புருஷன் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். அந்த வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். அதைப் பற்றியே ஒரு வீடியோ சேனல் தொடங்கினான். பார்த்தவர்கள் இரண்டு பேர்: அவனும் அவன் மாமியாரும். மாமியாரும் பாதியில் தூங்கிவிட்டாள்.

அப்போதுதான் டயர்க் கடை மாடியில் வியூஸ் சாமி வந்து இறங்கினார். படிக்கட்டு கொள்ளாத கூட்டம். ஹெல்மெட்டும் கையுமாக இளவட்டங்கள், மார்பில் கேமரா கட்டிய ஓய்வுபெற்ற கணக்கர், தனிச் சேனல் வைத்திருக்கும் அவர் மகன், பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர். எல்லாருக்கும் ஒரே தாகம்: நம்மை நாலு பேர் பார்க்க வேண்டும்.

சாமிக்குக் கட்டளைகள் உண்டு. வண்டியின் பின்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டக் கூடாது. ஆகவே சாமிக்குப் பக்தனாகிவிட்ட நம்மவன் வீடியோவில் வண்டி வரும், வரும், வந்துகொண்டே இருக்கும்; போகவே போகாது. காத்திருப்பவர்களுக்கு 'பார்வை விரதம்'. உள்ளே அருள் வாங்குகிறவரின் வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிடும். வாய் திறக்காமல் அதையே பார்த்திருக்க வேண்டும். உள்ளே சாமி அந்த ஆளின் போன்மேல் உள்ளங்கையை விரித்துக் கண்ணை மூடுவார். பார்வைகளின் எண்ணிக்கை குபுகுபுவென்று ஏறும். வந்தவன் கண்ணீர் விடுவான். அடுத்த வாரமே கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும். மறுபடி வருவான்.

இப்போது 'நிரந்தர அருள்' என்று புதிதாக ஒன்று. காணிக்கை, வீடியோவில் வரும் வண்டியேதான். நம்மவன் சாவியோடு கிளம்பினான். மனைவி பின்னாலேயே கிளம்பினாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள், கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

புருஷன் உள்ளே நுழைந்ததும் அவள் எல்லாரும் காத்திருந்த கூடத்தின் நடுவில் நின்றாள்.

"நிரந்தர அருள் இறங்குறப்ப போன் எதுவும் ஓடக் கூடாதாம். எல்லாரும் அணைச்சு இந்த அக்கா பையில போடுங்க."

அந்த அக்கா நான்தான். பை நிறைந்தது. யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் இருந்தால் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டார்கள்.

பிறகு அவளும் உள்ளே போனாள். கதவிடுக்கு எனக்குப் போதும். சாமி உள்ளங்கையை விரித்தார். எண் அசையவில்லை. இன்னொரு கையையும் விரித்தார். சுவரில் பல்லிகூட அசைந்தது, எண் அசையவில்லை.

"அறையில சந்தேகம் உட்கார்ந்திருக்கு" என்றார் சாமி, அவளைப் பார்த்து.

"சரிங்க சாமி, சந்தேகம் வெளிய போகுது" என்று அவள் எழுந்து வந்தாள். அப்போதும் எண் அசையவில்லை. சாமி கையை எடுத்துக் கழுத்து வியர்வையைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் கதவை அகலத் திறந்துவைத்தாள். "அக்கா, போனை எல்லாம் குடுத்துடுங்க. விரதம் தொடரட்டும்."

கொடுத்தேன். போன்கள் உயிர்பெற்றன, தலைகள் குனிந்தன. கூடமெங்கும் நம்மவன் வண்டி வந்துகொண்டே இருந்தது. உள்ளே மேசைமேல் இருந்த அவன் போனில் எண் ஏறத் தொடங்கியது. சாமியின் இரண்டு கைகளும் கழுத்தில்தான் இருந்தன.

நம்மவன் எண்ணைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். திறந்த கதவு வழியே கூடத்தைப் பார்த்தான்.

"சாமி, கை அங்க இருக்கே" என்றான் மெதுவாக.

"அருள் கொஞ்சம் தாமதமா வரும்பா."

"தாமதமா வரல சாமி. நான் போனைக் குடுத்தப்புறம் வந்துது" என்றேன். எனக்கும் ஒரு வசனம் வேண்டாமா.

கணக்கர் எழுந்தார். "அப்ப இத்தனை நாளா நாமதான் நம்மளைப் பார்த்துட்டு இருந்தோமா?"

"இவரு வீடியோவ நானே மூணு தடவை பார்த்தேன். தலை வலிக்குது" என்றாள் டீச்சர்.

நம்மவன் மேசைமேல் வைத்த சாவியை எடுத்துக்கொண்டான். சாமி தடுக்கவில்லை. படியில் அவ்வளவு பேர் ஹெல்மெட்டோடு நின்றால் யார் தடுப்பார்கள்?

அந்த வண்டி இன்றும் பார்சல் சுமக்கிறது. சேனலை மாமியார்கூட இப்போது பார்ப்பதில்லை. கணக்கர் மகனுக்கும் டீச்சருக்கும் கல்யாணமாகிவிட்டது. விரதத்தில் ஒருவர் வீடியோவை ஒருவர் முழுசாகப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தானாம். சாமி அடுத்த ஊருக்குக் குடிபோய்விட்டார். அங்கே சமையல் சேனல்காரர்களுக்கு அருள்கிறார். போன வாரம் என் சித்தி மகள் அங்கிருந்து பேசினாள்: "கை வச்சதும் ஏறுதுக்கா, கண்ணால பார்த்தேன்." இரண்டு பட்டம் வாங்கியவள்.

ஹெல்மெட் மாட்ட மட்டுமா தலை? உள்ளே இருப்பதையும் எப்போதாவது ஸ்டார்ட் செய்து பாருங்கள். பெட்ரோல்கூடக் கேட்காது.