அம்மாவின் தகரமும் என் ஆங்கிலமும்

எழுதத் தெரியாதவனால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்துவிடாது. புதிதாக எழுதக் கற்றவன்தான் ஆபத்து. இதை நான் கண்டுபிடிப்பதற்காக என் அம்மா ஒரு மழைக்காலம் முழுவதும் அடுப்பங்கரையில் படுத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் எட்டுக் காம்பரா லயத்தின் கடைசி அறை எங்களுடையது. பல்கலைக்கழகம் முடித்து வேலையில்லாமல் வந்து குந்தியிருந்த நான், மேற்படிப்புக்கு அமெரிக்கா போவதென்று முடிவெடுத்திருந்தேன். (அமெரிக்காவை யாரும் கேட்கவில்லை.) அதற்கொரு நுழைவுப் பரீட்சை. அந்தப் பரீட்சைக்கு ஆயிரக்கணக்கில் ஆங்கிலச் சொற்கள், வெள்ளைக்காரனே வாழ்நாளில் சொல்லாத சொற்கள். அம்மா மலையிலிருந்து கொண்டுவரும், கொழுந்து நிறுத்த கணக்குச் சிட்டைகளின் பின்பக்கத்தில் அவற்றை எழுதிச் சுவரெல்லாம் ஒட்டினேன். கோழிக்கு 'லக்கோனிக்' என்று பெயர் வைத்தேன். அளவாகப் பேசுபவர் என்று அர்த்தம். அது விடியவிடியக் கத்தும்.

அம்மா படுக்கும் இடத்துக்கு நேர் மேலே கூரைத் தகரம் ஓட்டை. அவருக்கு ஏற்கெனவே இருமல். அந்த வருடம் தோட்டத்தில் பழைய தகரங்களை மாற்றிக் கொடுத்தார்கள். பேரும் காம்பரா நம்பரும் போட்டு ரெண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்று பெரிய கிளாக்கர் அப்பாவிடம் சொல்லியனுப்பினார்.

ரெண்டு வரியா? நானா? இரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் கூரையை 'லக்ரிமோஸ்' என்றேன், கண்ணீர் வடிப்பது என்ற பொருளில். நிர்வாகத்தின் கடமைத் தவறுக்கு 'டெரிலிக்‌ஷன்' என்று போட்டேன். சுவரில் மிச்சமிருந்ததையும் வீணாக்கவில்லை. அப்பாவுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனாலும் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

மூன்றாம் நாள் தோட்டத்து மனேஜர் துரை அப்பாவைக் கூப்பிட்டார். "கவுத மேக லிவ்வே?" எழுதியது யார் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். என் மகன் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். துரை நம்பவில்லை. இது இரத்தினபுரிக் கோர்ட்டு லோயர் யாரோ எழுதியது, பின்னால் யாரோ வெளியாட்கள் நின்று தூண்டிவிடுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. உண்மையைப் பார்க்க என்னைக் கூட்டிவரச் சொன்னார்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு மேசை முன்னால் நின்றேன். ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமாகக் கேட்டார்: இதை நீயா எழுதினாய்? எங்கே படித்தாய்?

சுவர் நிறையச் சொற்களை விழுங்கியிருந்தேனே தவிர, அதுவரை ஒரு மனிதரிடம் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியதில்லை. வாயைத் திறந்தேன். "சேர்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "சேர்". அன்றைக்கு லக்கோனிக் நான்தான்.

துரை கோபப்படவில்லை. அப்பாவைப் பார்த்து, இனியாவது பொய் சொல்லாதே என்றார். அப்பா திரும்பவும், "மகே புத்தா தமய் லிவ்வே, சேர்" என்றார். என் மகன்தான் எழுதினான். முதல் தடவை இருந்த குரல் இரண்டாம் தடவை இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடிதம் கம்பெனி லோயரின் அபிப்பிராயத்துக்காகக் கொழும்புக்குப் போனது. புதுத் தகரம் ஏழு காம்பராவுக்கும் வந்து, எங்கள் சுவரோடு நின்றது. மழை பிடித்தது. அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார். புகையில் இருமல் ஏறியது. சுவரில் என் சொற்கள் மை கரைந்து ஒவ்வொன்றாக விழுந்தன. கொழும்புக்குப் போய்ப் பரீட்சையும் எழுதினேன். (புள்ளியைக் கேட்காதீர்கள்.) எங்கள் தகரம் தை பிறந்து, நல்ல வெயிலில் வந்து சேர்ந்தது.

இப்போது நான் பெல்மதுளைப் பக்கம் வாத்தியார். கொங்கிரீட் கூரை. லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தாலும், கலியாணப் பத்திரிகை எழுத உட்கார்ந்தாலும், உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும்: "சின்னதா எழுதுய்யா. தகரம் வரணும்."

வீடே சிரிக்கும். அம்மாவும் சிரிப்பார், சிரித்து முடித்ததும் இருமுவார். அந்த இருமல் அடங்கும்வரை நான் பேனாவைத் தொடுவதில்லை.