அந்த வாரம் ஓடிய இரண்டு சக்கரம்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, நைனார்பாளையம் பக்கத்துக் கைநாட்டு மாயவன் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. நான் நலம், மாடு கன்று நலம், நீங்களும் உங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல மருமகள் விஜயலட்சுமி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, விஷயம் என்னுடையது.

எம்.ஜி.ஆர். மார்கழியில் போய்ச் சேர்ந்த வருடம், எங்கள் செவலைப் பசு இரட்டைக் கன்று போட்டு ஊரே வந்து பார்த்த வருடம், இட ஒதுக்கீடு கேட்டுப் புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் சாலையில் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்து மறியல் நடத்திய வருடம். அந்த வாரம் “ஒரு சக்கரம்கூட ஓடவில்லை” என்று போட்டிருக்கிறீர்கள். முடிவெட்டும் கடையில் படித்துக் காட்டினார்கள். பாதி முகச் சவரத்தோடு எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரம் உயிர் போன வீடுகள் உண்டு, அதைத் தெரிந்தவர்கள் எழுதட்டும். சக்கரத்தை மட்டும் நான் சொல்கிறேன். ஓடியது. இரண்டு.

அந்த வருடம் சித்திரை முதல் நாள், பாயசம் குடித்த தெம்பில் என் வீட்டுக்காரியிடம், இந்த வருடத்துக்குள் சைக்கிள் கற்றுக்கொண்டு உன்னை கேரியரில் வைத்து சின்னசேலத்து மகள் வீட்டுக்கு ஓட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்போதே எனக்கு மீசை நரைத்திருந்தது. சித்திரையில் வெயில், வைகாசியில் வரிசையாகக் கல்யாணம், ஆனியில் பக்கத்து வீட்டுச் சடையனின் சைக்கிளில் ஏறி சடையனின் கரும்புக் கொல்லைக்குள்ளேயே இறங்கினேன், ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக்கூடாது, ஆவணியில் ஆனியில் விழுந்த இடம் வலித்தது. குழாயடியில் நாலு பேர் முன்னால் அவள் கேட்டாள்: “இன்னாய்யா, பாதி வருசம் போச்சி. அந்த கேரியர்ல நான் ஒக்கார்றதா, இல்ல வெறகு கட்டி அனுப்பட்டா?”

“கம்மியா பேசு,” என்றேன்.

“நீ ஜாஸ்தியா பேசிட்ட. நான் சமன் பண்றேன்.”

அது தைத்துவிட்டது ஐயா. விட்ட இடத்தில் மறுபடி பிடித்தேன். பஸ் இல்லை, லாரி இல்லை, இதைவிட நல்ல நேரம் ஏது என்று சடையனிடம் திரும்பவும் கெஞ்சி சைக்கிளை வாங்கி, அவளைப் பின்னால் ஏற்றி மிதித்தேன். ஓட்ட வந்தது, நிறுத்த வரவில்லை. ஆனால் மரம் இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் முட்டி நின்றேன். கோடாலியோடு நின்ற வீரமணி, “யோவ், மரம் கெடக்கிறது தெரியல?” என்று அதட்டினான். “தம்பி, நிக்கத் தெரிஞ்சா நான் நிக்க மாட்டனா?” என்றேன். போராட்டத்துக்கு நடுவிலும் நல்ல மனசு, சைக்கிளைத் தூக்கி நிமிர்த்தி ஒரு தள்ளும் தள்ளிவிட்டான். மகள் வீட்டுச் சுவரில் முட்டித்தான் இறங்கினோம்.

இத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரி ஒரு நாள்கூட யார் முன்னாலும் இவர் ஓட்டினார் என்று சொன்னதில்லை. பத்திரிகையில் வந்தால் சொல்லித்தானே ஆகவேண்டும்? ஆகவே “மாயவன் சைக்கிள் நீங்கலாக” என்று திருத்தம் போடவும். உங்களுக்கு மை வற்றாதிருக்க, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க, எங்களுக்கு மழை பெய்ய வேண்டிக்கொண்டு,

இடது பெருவிரல் ரேகை,
மாயவன்

பி.கு.: உள்ளே கடலை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்ட என் வீட்டுக்காரி வெளியே வந்து விஜயலட்சுமியிடம் சொன்னது: “ஓட்டினாரு, அது நெஜம். ஆனா அது ஐப்பசி. மரத்தையெல்லாம் ஓரமா இழுத்துப் போட்டாச்சி. நடுரோடு காலியா கெடந்துது, இவருதான் தேடித் தேடிப் போயி முட்டினாரு. வீரமணி வெறகு பொளந்துக்கினு இருந்தான். பஸ்ஸுகூட ரெண்டு தாண்டிப் போச்சி. கண்ண மூடிக்கினு மிதிச்சா இன்னா தெரியும்?”

ஆகவே ஐயா, நீங்கள் போட்டதுதான் சரி. திருத்தம் வேண்டாம். அவள் சொன்னதில் முதல் மூன்று சொல்லை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். சாட்சி யார் என்று கேட்பார்கள். சடையன் போய்விட்டான், வீரமணியும் போய்விட்டான். என்னைத் தவிர, அன்றைக்கு அந்தச் சாலையில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான்: பச்சையம்மாள்.