ஜெபசெல்வி எழுதிய பாட்டும் அதற்குள் இருந்த கப்பல்காரனும்

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
செவ்வாய்க்கிழமை, காலைப் பலகாரத்துக்குப் பின்.

மிகுந்த மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஜெபசெல்வியின் கணவன் பொன்னுதுரை தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் உடல் சுகத்தோடு இருக்கிறோம். மனச் சுகத்தைப் பற்றி இனிமேல்தான் எழுதப்போகிறேன். கோயம்புத்தூரில் தாங்களும் அக்காவும் சுகமாயிருப்பீர்கள் என்றும், அக்காவின் முட்டுவலி குளிருக்குக் கூடாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். இந்த வீட்டில் யார் போன் பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்பது தங்கள் தங்கையின் சட்டம். நான் எழுதும் விஷயமோ ஸ்பீக்கரில் பேசக்கூடியது அல்ல. ஆகவே தாங்களும் இதைத் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டுகிறேன்.

தங்கள் இளைய தங்கை ஜெபசுதாவின் மகள் ஜெப்ஸி எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்ததும், படித்த படிப்புக்கு வேலை தேடாமல் நாலைந்து பேரைச் சேர்த்துப் பாட்டுக்குழு தொடங்கியதும் தங்களுக்குத் தெரிந்ததே. அவள் இங்கே இருந்த காலத்தில் ஜெபசெல்வி அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே ஒரு பாட்டை முணுமுணுப்பாள். வேறு யாருடையதும் அல்ல, அவளே கட்டியது. முத்தையாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது கட்டினாளாம். இத்தனை வருஷம் அதை நான் ஒரு பாட்டாகவே கவனித்ததில்லை, மிக்ஸி சத்தம் மாதிரி அதுவும் அடுப்படியிலிருந்து வரும் ஒரு சத்தம் என்றுதான் இருந்தேன். அதைத்தான் ஜெப்ஸி எடுத்து, கிட்டார் வைத்து, சுருதி ஏற்றிப் பாடி இணையத்தில் விட்டாள். "தளும்பித் தளும்பி வாரவனே, தாமசம் ஏன் சொல்லு" என்று அது தொடங்கும். அங்கேயும் கேட்டிருப்பீர்கள், கோயம்புத்தூர் என்ன, துபாயிலேயே கேட்கிறார்களாம். இங்கே ஆட்டோவில் அது, டீக்கடையில் அது, துறைமுக வாசலில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளில் ஒவ்வொரு டிரைவரும் ஒவ்வொரு வரியில் நிற்கிறான். நானும் ஒரு மாதம் வரைக்கும் தலைநிமிர்ந்து திரிந்தேன். கறிக்கடையில்கூட, "இது எங்க வீட்ல எழுதுன பாட்டு" என்று சொல்லி நல்ல நெஞ்செலும்பு வாங்கிவந்திருக்கிறேன்.

போன மாதம் கடற்கரைச் சாலையில் ஒரு கலைவிழா. ஜெப்ஸியின் குழு பாடுகிறது. எனக்கு முன்வரிசையில் நாற்காலி, தோளில் சால்வை, பக்கத்தில் ஜெபசெல்வி. இப்போதெல்லாம் பாட்டைப் பாடினால் மட்டும் போதாதாம் அத்தான், அது பிறந்த கதையையும் மேடையில் சொல்ல வேண்டுமாம். கதை கேட்காவிட்டால் ஜனங்களுக்குக் கண்ணீர் வருவதில்லை. ஜெப்ஸி மைக்கைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பாட்ட எழுதுனது எங்க பெரியம்மா. கப்பலுக்குப் போன ஒருத்தருக்காகத் தெனமும் கடக்கரையில வந்து நின்னாங்க. அவரு வரவே இல்ல" என்றாளே பார்க்கலாம். கூட்டம் முழுக்க செல்போன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, "அண்ணாச்சி, நீங்கதான் அந்தக் கப்பல்காரரா? திரும்பி வந்துட்டியளா?" என்று கேட்டார். "இல்ல, நான் கஸ்டம்ஸ் கிளியரிங்ல இருந்து ரிட்டயர் ஆனவன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் அத்தான், சாவு வீட்டில் பறிகொடுத்தவனைப் பார்க்கிற பார்வை. பிறகு தன்னிடம் இருந்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். ஜெபசெல்வியோ பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏளா, அந்தக் கப்பல்காரன் யாரு?" அவள் காதுத் தொங்கட்டானைக் கழற்றியபடி, "எந்தக் கப்பல்காரன்?" என்றாள். "பாட்டுல வாரவன்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கல்யாணமாகி இத்தன வருசத்துல, நான் எழுதுனதப் பத்தி இன்னைக்குத்தான் ஒரு கேள்வி கேக்கீய. நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாளு யோசிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மனுஷி உடனே தூங்கியும் விட்டாள். இல்லை என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் தூங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் மாடிக்குப் போகத் தோன்றும். துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதினால் ஓடிப்போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் குக்கர் விசிலா என்று அடுப்பைப் பார்ப்பாள். பாட்டின் முதல் சரணத்தை வரிவரியாக ஆராய்ந்தேன், அதைத் தாண்டவே முடியவில்லை. "தளும்பித் தளும்பி" என்றால் அவன் குடிகாரன், சந்தேகமே இல்லை. "பச்சச் சட்ட தூரத்தில பாத்தா நெஞ்சு பொங்கும்" என்று வருகிறது, ஆகவே பச்சைச் சட்டைக்காரன். என்னிடம் பச்சையில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. அதற்குப் பிறகு வருவதுதான் அநியாயம். "எனக்கு முன்ன எத்தன பேரு ஒனக்கு நிக்காவ பாரு" என்கிறாள். அதாவது அவனுக்காகப் பெண்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள், தங்கள் தங்கை, ஒரு கணக்கு டீச்சர், தன் முறைக்காகக் காத்து நின்றிருக்கிறாள்! அதுவும் முத்தையாபுரத்தில், அதாவது கல்யாணத்துக்குப் பிறகு, நான் ஆபீசில் சரக்குக் கப்பலுக்கு முத்திரை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயர், "பழைய காயங்களோடு வாழுகிற குடும்பங்களுக்காக" என்று ஜெபிக்க, மூன்று வரிசை திரும்பி என்னைப் பார்த்தது. சமாதானமாகப் போவோம் என்று மக்ரூன் வாங்கிவந்து கொடுத்தால், தின்றுகொண்டே அந்தப் பாட்டையே முணுமுணுக்கிறாள்.

பொறுக்காமல் முத்தையாபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே எங்கள் பழைய எதிர்வீட்டு செல்லத்தாய் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் சுற்றி வளைக்காமல், "நாங்க இங்கன குடியிருந்தப்ப டீச்சர் யாருக்காவது காத்துக்கிட்டு நிப்பாளா?" என்று கேட்டேன்.

"அவுக மட்டுமா நின்னாவ?" என்றாள் செல்லத்தாய். "தெருவே நின்னுச்சி. நானுந்தான் நின்னேன்."

"நீயுமா! பச்ச நிறமா?"

"ஆமா, நல்ல பச்ச. இசக்கிராஜா கொண்டாருவான். அவன் நம்ம தெருவுக்கு வாரதுக்குள்ள பாதி சிந்திப்போயிரும். டீச்சர்தான் அவனோட மல்லுக்கு நிப்பாவ. அப்புறம் சிரிச்சுப் பேசி அவன வழிக்குக் கொண்டாந்துருவாவ."

அவள் சொன்னதில் பெயரும் சிரித்துப் பேசியதும் மட்டும்தான் என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் வெங்காயத்தோடு போய்விட்டது. இசக்கிராஜாவின் வீடு எது என்று கேட்டுக்கொண்டு நேரே போனேன். ஒரு கனத்த மனிதர் வேட்டியை மடித்துக்கட்டி ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். "நீருதான் இசக்கிராஜாவா? பொம்பளைகள வரிசையில நிக்க வச்சவரு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஆமா அண்ணாச்சி, என்ன செய்யச் சொல்லுதீய? ஒத்த ஆளு, அத்தன பேரையும் எப்படித் திருப்திப்படுத்த முடியும்?"

"வெக்கமா இல்லியாவே?"

"வெக்கப்பட்டு என்ன செய்ய? லாரி ஒண்ணுதான. தண்ணி உள்ள மட்டும் ஊத்துவேன், தீந்துட்டா போயிருவேன். அதுக்கு அந்த டீச்சரு பாட்டு கட்டி, என் மூஞ்சிக்கு முன்னாலயே பாடுவாவ. 'வெறுங்கொடமா நிக்கேனே வெயில் ஏறுமுன்ன வாயேன்'னு. அதக் கேட்ட பொறவுதான் ஒங்க தெருவுக்கு மொதல்ல வர ஆரம்பிச்சேன். இப்ப அந்தப் புள்ள கொடத்த எடுத்துட்டு மனசுன்னு மாத்திப் பாடுது. எனக்குப் பிடிக்கல."

தண்ணீர் லாரி, அத்தான். பச்சை வண்ணம் அடித்த தண்ணீர் லாரி. ஹாரன் அடித்தால் தெருவே ஓடுமாம். நான் அந்த ஆட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இசக்கிராஜா காப்பி கொடுத்தார். அதைக் குடித்த பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. அந்த வீட்டில் தினமும் காலையில் இரண்டு வாளித் தண்ணீரில் குளித்து, பவுடர் போட்டு ஆபீஸ் போனவன் நான். அந்த வாளி எப்படி நிறைகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவள்தானே.

வீட்டுக்கு வந்து ஜெபசெல்வியிடம், "தண்ணி லாரியா?" என்றேன். "ஒரு மாசமாச்சே கண்டுபிடிக்க" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. ஜெப்ஸிக்குப் போன் பண்ணி (ஸ்பீக்கரில்தான்) மேடையில் உண்மையைச் சொல் என்றேன். "பெரியப்பா, தண்ணி லாரின்னு சொன்னா எவன் அழுவான்? கப்பல்னு இருக்கட்டும், கெஞ்சிக் கேக்கேன்" என்றாள். ஊரெல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறதே என்றேன். அது பாட்டுக்கு நல்லது என்கிறாள்!

போன சனிக்கிழமை முத்தையாபுரத்திலேயே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கச்சேரி. தளும்பித் தளும்பி பாட்டுக்கு முன்னால் ஜெப்ஸி வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி, "எங்க பெரியம்மா..." என்று தொடங்கியதும் நான் எழுந்து மேடையேறி மைக்கை வாங்கிவிட்டேன். வாங்கின பிறகுதான் எனக்கு மேடையில் பேசி வழக்கமில்லை என்பது நினைவுக்கு வந்தது. மைக் கீச்சென்று கத்தியது. "அது கப்பல் இல்ல. தண்ணி லாரி" என்றேன். கிட்டார்க்காரன் தலையில் கைவைத்தான். ஜெப்ஸி அழப்போகிறவள் போல நின்றாள். சரி, பாட்டைக் கொன்றுவிட்டோம், புள்ளையின் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து செல்லத்தாய் குரல், "சரியாத்தான சொல்லுதாவ! கொடம்னு பாடுளா!" என்றது. தொடர்ந்து பத்துப் பெண்கள் எழுந்தார்கள், பிறகு பாதி மைதானம் எழுந்தது. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, "வெறுங்கொடமா நிக்கேனே" என்று கைதட்டிப் பாடுகிறார்கள். ஒருத்தி எங்கிருந்தோ பிளாஸ்டிக் குடம் கொண்டுவந்து அதில் தட்டுகிறாள். ஜெப்ஸி கண்ணைத் துடைத்துவிட்டு அவர்கள் வேகத்துக்கு இறங்கிவந்து பாடினாள். முன்வரிசையில் இருந்த ஜெபசெல்வி பாடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் அத்தான். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. மேடையிலிருந்து இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் ஒரு வாளிகூடத் தூக்கலியே" என்றேன். "இப்பமாவது தெரிஞ்சிச்சே" என்று என் சால்வை நுனியில் மூக்கைத் துடைத்தாள்.

இப்போது அந்தப் பாட்டு முன்னைவிட அதிகமாக ஓடுகிறது. ஜெப்ஸிக்கு மதுரையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, குடத்தோடு வரச் சொல்கிறார்கள். என்னை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. இசக்கிராஜாவைப் பார்த்து ஜனங்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் நன்றாகத் தூங்குகிறேன், இரண்டு வேளை சாப்பாட்டை மூன்று வேளையாக்கியிருக்கிறேன். இப்படியெல்லாம் நடந்ததை ஒருவரிடமாவது சொல்லி ஆற வேண்டும் என்றுதான் தங்களுக்கு எழுதினேன், தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. தங்கள் தங்கை பத்தரை மாற்றுத் தங்கம். அவள்மேல் சந்தேகப்பட்ட என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டுக் கிணறு வற்றாமல், மனமும் வற்றாமல் நீடித்திருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
பொ. பொன்னுதுரை

பி.கு.: தங்கள் வீட்டுப் பின்கோடு சரிதானா என்று பார்க்க இந்தக் கடிதத்தை உறையோடு ஜெபசெல்வியிடம் கொடுத்துத் தொலைத்தேன். பின்கோடைப் பார்க்காமல் கடிதம் முழுவதையும் நின்றபடியே படித்துவிட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீய. ஆனா லாரி வாரது மொத சரணத்துல மட்டுந்தான். ரெண்டாவது சரணத்தப் பத்தி யாருமே கேக்கலியே" என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். இரண்டாவது சரணத்தை இப்போதுதான் ஒழுங்காகக் கேட்டேன். "மீசையில பனித்துளியோட மெல்லச் சிரிச்சவனே" என்று வருகிறது. லாரிக்கு மீசை கிடையாது. எனக்கும் கிடையாது. கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும்.