லைஹ்மாவின் வாரிசுகள்

பின்லாந்து மொழியும் எஸ்தோனிய மொழியும் தனிக்குடித்தனம் போவதற்கு முன்னால் மக்கள் என்ன பேசினார்கள் என்று ஊகிப்பது ஹெல்சிங்கியில் ஓர் அரசாங்க வேலை. அந்த வேலையைப் பார்த்த மகானுபாவன் அடியேன், தவுனோ ரெகோலா. அவர்கள் எதையும் எழுதிவைக்காமல் செத்துப்போனார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் எனக்குச் சம்பளம் வந்தது.

போன இலையுதிர் காலத்தில் 'லைஹ்மா' என்ற மூலச்சொல்லை மீட்டெடுத்தேன். நாயைத் தாங்கும், ஆளைத் தாங்காத ஏரிப் பனிக்கட்டி என்று பொருள். இன்று எந்த மொழியிலும் அது கிடையாது. பேரப்பிள்ளைச் சொற்களின் மூக்கையும் முழியையும் பார்த்து மூதாதையை வரைந்தேன், அவ்வளவுதான்.

பத்திரிகையில் செய்தி வந்தது. எங்கள் ஜனங்களுக்கு ஒரு பழக்கம்: ஊர்வழக்குச் சொல் எதுவானாலும் சீட்டில் எழுதிச் சொற்காப்பகத்துக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. 'எங்க ஊர்ல லைஹ்மாவை விட்டா வேற சொல்லே கிடையாது.' 'பக்கத்து ஊர்க்காரனை நம்பாதீங்க, எங்ககிட்ட கத்துக்கிட்டவன்.' லைஹ்மா என்று பின்னிய கம்பளித் தொப்பிகூட விற்றது. வெட்கமில்லாமல் நானும் ஒன்று வாங்கினேன்.

அமைச்சகத்திலிருந்து இர்மெலி வஹ்தரா அம்மையார் எழுந்தருளினார். இரண்டாவது கோப்பைக் காப்பி வரை எங்கள் ஊரில் யாரும் விஷயத்துக்கு வருவதில்லை. அதைக் குடித்து முடித்ததும் வந்தார்.

"தவுனோ, அழிஞ்சுபோன சொல்லை மீட்கத்தானே உங்க பதவி?"

"ஆமாங்க."

"இது அழியவே இல்லையே. ஊரே பேசுது."

"ஐயோ, அது என் ஊகங்க! எல்லாரும் பேப்பர்ல படிச்சுட்டு எழுதறாங்க."

"அப்போ ஊகம் தப்புன்னு எழுதிக் குடுங்க, பதவியை நீட்டிக்கறேன்."

"அதெப்படி? சரியாத்தான் ஊகிச்சேன்."

"சரியான சொல், ஜனங்க வாயில இருக்கு. நீங்க எதுக்கு?"

பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், தப்பென்று ஒத்துக்கொள்வேனா? பதவி போயிற்று. "மானத்தைச் சூப்பு வெச்சுக் குடிக்கலாமா?" என்று கேட்டாள் என் மனைவி ஐலி.

அடுத்த மாதம் அரசாங்கம் லைஹ்மா பாதுகாப்புக் குழு அமைத்தது. பள்ளிகளில் பேசிக்காட்டப் பரம்பரைப் பேச்சாளர் தேவை, தக்க சம்பளம் உண்டு என்று விளம்பரம் வந்தது. மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு நேர்காணலுக்குப் போனேன். தேர்வாளர் ஓர் ஏரிக்கரைக்காரர்.

"எங்கே, சொல்லுங்க பார்ப்போம்."

"லைஹ்மா."

முகத்தைச் சுளித்தார். பிறகு இரக்கப்பட்டு என் தோளைத் தட்டினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புஸ்தகம் படிச்சுக் கத்துக்கிட்ட மாதிரி இருக்கு. இதெல்லாம் ரத்தத்துல வரணுங்க."

இப்போது அவரிடமே மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நாக்கு இன்னும் படியவில்லை என்கிறார்.