முதல் டிகாஷன் கொடுத்த கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அது பாட்டுக்கு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. நல்ல காபி போடக் கற்றுக்கொண்டது பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி.

கரடியின் பெயர் சடையாண்டி. மனைவி கோமளம், இரண்டு குட்டிகள், மழைக்கு ஒழுகாத ஒரு குகை, பக்கத்து மரத்திலேயே தேன்கூடு. ஒரு கரடிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பட்டா வேண்டும் என்றது சர்க்கார். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் யானை நேரில் வந்து பார்க்கும். கையெழுத்துப் போட்டால் குகை சொந்தம். போடாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கரடி நாலு மணி நேரம் வரிசையில் நின்று மூன்று பிரதிகளில் விண்ணப்பம் கொடுத்தது. முன்னால் நின்ற முயல் காதோடு காதாக ஒரு சேதி சொன்னது.

"அந்த ஆய்வாளரம்மா காபின்னா உசிரை விடும். காபி நல்லா இருந்துச்சுன்னா கையெழுத்து தானா விழும்."

கரடியின் வீட்டில் அதுநாள் வரைக்கும் தேனும் தண்ணீரும்தான். நேரே நரியின் பாத்திரக்கடைக்கு ஓடியது.

"சாதா காபியா, டிகிரி காபியா?" என்று கேட்டது நரி.

"டிகிரிதான். வர்றது ஆபீசராச்சே."

"அப்போ தெர்மாமீட்டர் இல்லாம எப்படிங்க? எத்தனை டிகிரின்னு பார்க்க வேணாமா?"

கரடிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்த டிகிரி பாலின் சுத்தத்தைப் பற்றிய பேச்சு என்று கடையில் நின்ற எருமையாவது சொல்லியிருக்கலாம். அதற்கோ மிக்சி வாரண்டி பாரத்தில் 'கொம்பு எண்ணிக்கை' என்ற கட்டத்தை நிரப்பவே நேரம் போதவில்லை.

தெர்மாமீட்டருக்குப் பிறகு பொடி நிறுக்க எலக்ட்ரானிக் தராசு, நாற்பது விதமாக அரைக்கிற மிஷின், கொக்குக் கழுத்துக் கெட்டில் என்று நரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. கடைசியில், போனால் போகிறதென்று ஒரு பித்தளை பில்டரையும் தலையில் கட்டியது.

"காபி போடப் போறீங்களா, ஆஸ்பத்திரி வைக்கப் போறீங்களா?" என்றாள் கோமளம், மூட்டையைப் பார்த்துவிட்டு.

"நீ சும்மா இரு. வீடு நிக்கணுமா வேணாமா?"

மூன்று நாள் கரடி படாத பாடு பட்டது. பொடியை மாவாக அரைத்தால் டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. பில்டரைத் தட்டித் தட்டி அதன் கைதான் வீங்கியது. கொரகொரவென்று அரைத்தால் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே கீழே வந்தது. தராசு ஒன்று சொன்னது, தெர்மாமீட்டர் இன்னொன்று சொன்னது. வியாழக்கிழமை மத்தியானம் கரடிக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் மூலையில் தள்ளிவிட்டு, பில்டரை மட்டும் வைத்துக்கொண்டு, தன் மூக்கை நம்பி உட்கார்ந்தது. கொட்டையை வறுக்கும்போதே வாசனை பார்த்தது, அரைக்கும்போது பார்த்தது, பொடியை லேசாக அழுத்தி, கொதிநீரை ஊற்றி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கியது பாருங்கள் ஒரு டிகாஷன்! மலை முழுக்க மணந்தது.

நியாயமாகக் கதை இங்கேயே முடிந்து, 'சாதனம் பெரிதல்ல' என்று ஒரு நீதியும் வந்திருக்க வேண்டும். என்ன செய்வது, வெள்ளிக்கிழமை யானை வந்துவிட்டது.

யானைக்கு டபரா செட் எந்த மூலைக்கு? வாளியில்தான் கலந்தார்கள். "அவ்வளவையும் முதல் டிகாஷன்லயா கலப்பாங்க? பாதிக்கு ரெண்டாவதை ஊத்துங்க" என்று கிசுகிசுத்தாள் கோமளம். கரடி கேட்கவில்லை.

யானை ஒரு மிடறு உறிஞ்சியது. அப்படியே நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"இருபத்திரெண்டு வருஷ சர்வீசு சடையாண்டி. போற இடமெல்லாம் ரெண்டாம் டிகாஷன்தான். ஆபீசர்தானே, குடிச்சிட்டுப் போவான்னு. ஒருத்தராவது என்னை ஒரு மனுஷியா, சரி, யானையா மதிச்சிருப்பாங்களா? இப்பக்கூட உங்க பக்கத்துக் குகைப் பன்றி ஒண்ணு குடுத்துச்சே, காபியா அது? கழுநீர்! இனிமே ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு, நின்ன நிலையில பட்டாவைக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஓடியாந்தேன்."

கரடிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "அப்போ எங்களுக்கும் ஒரு கையெழுத்து..."

"ஒண்ணா? உங்களுக்கு மூணு!"

யானை மூன்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டது. முதல் காகிதத்தின்படி அந்தக் குகை இனிமேல் அதிகாரிகள் வந்து தங்கும் அரசு ஆய்வு மாளிகை. இரண்டாவதன்படி தற்போது குடியிருப்போர் சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். மூன்றாவதன்படி சடையாண்டி அங்கே காபி மாஸ்டர், தற்காலிகம்.

குட்டிகள் ஓவென்று அழுதன. கோமளம் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அம்மா, குட்டிகளை வெச்சுக்கிட்டு நாங்க எங்க போவோம்?" என்றது கரடி.

"அதுக்குத் தனி விண்ணப்பம் இருக்கு. திங்கட்கிழமை வரிசையில நில்லுங்க" என்றது யானை அன்பாக. "இப்ப இன்னொரு வாளி கொண்டாங்க."

நீதி: வீட்டில் நல்ல காபி வேண்டுமென்றால் நல்ல பில்டர் வாங்குங்கள், வீடே வேண்டுமென்றால், வருகிற அதிகாரிக்குக் கழுநீர் கொடுங்கள்.