டெலீட் ஆகாத கல்யாணம்

கல்யாணத்தை அழிக்க முடியாது என்று கணினி மறுபடியும் சொன்னது. அபுந்தியோவுக்கு வியர்த்துவிட்டது.

ஓஹாகா மலையடிவாரத்து மாதா கோயில் மண்டபத்துக்கு முன்பதிவுத் தளம் ஒன்று செய்துகொண்டிருந்தான். சர்வரை ஏற்றி, டேட்டாபேஸில் அட்டவணைகளை ஒன்றோடொன்று பிணைத்து, சோதனைக்காக ஒரு கல்யாணத்தைப் பதிந்தான். மாப்பிள்ளை அபுந்தியோ, பெண் பேக்கரி லுதிவினா. அவளிடம் "நாலு ரொட்டி" என்பதைத் தாண்டி அவன் பேசியதே கிடையாது. ஆசை யாரை விட்டது! தளம் யாரும் பார்க்க, யாரும் எழுத ஊருக்கே திறந்து கிடப்பதைத்தான் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் பட்டால் அந்தக் கடை வாசலை இனி மிதிக்க முடியாது.

அழிக்கலாமென்றால், கறிக்கடை நிகாந்த்ரோ கேக்குக்கு பத்ரீனோவாக ஒட்டிக்கொண்டிருந்தார். கல்யாணச் செலவை ஆளுக்கொன்றாக ஏற்பவர்கள் பத்ரீனோக்கள். அவர்கள் இருக்கும்வரை கல்யாணத்தை அழிக்கக் கூடாதென்று விதி எழுதியதும் இதே புத்திசாலிதான்.

அவர் பெயரை நீக்கினான். ஒரு காப்பி குடித்துத் திரும்புவதற்குள் மோதிரத்துக்கும் மெஸ்கால் சாராயத்துக்கும் பத்ரீனோக்கள் வந்திருந்தார்கள். அவர்களையும் நீக்கினான். வான்கோழி, பாண்டு வாத்தியம், மறுபடியும் கேக் நிகாந்த்ரோ.

சரி, தேதியையாவது தள்ளுவோமென்று பத்து வருஷம் தள்ளிவைத்தான். மாலையில் லுதிவினாவின் அண்ணன் வாசலில் நின்றான்.

"எங்க பொண்ணு பத்து வருஷம் காத்திருக்கணுமாடா? தேதிய நீ மாத்துறியா, நான் மாத்தட்டுமா?"

தேதி வரும் சனிக்கிழமை ஆயிற்று. உடனே பாதிரியார் போனில் வந்தார்.

"ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"பாதர், அது சும்மா சோதனைக்கு..."

"எல்லாக் கல்யாணமும் அப்படித்தான்ப்பா. வெள்ளிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துடு."

அபுந்தியோ கறிக்கடைக்கு ஓடினான். மானம் போனது போகட்டும், அந்தப் பெண்ணின் பெயரையாவது காப்பாற்ற வேண்டும்.

"அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். நான் அழிக்க அழிக்க உங்க பேரை அதுல எழுதாதீங்க!"

நிகாந்த்ரோ கத்தியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"நானா? எனக்கு போன்ல பேசுறதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுப்பா. நீ அழிக்க அழிக்க, பாவம், லுதிவினாதான் கடைய அப்படியே போட்டுட்டு உக்காந்து எங்க எல்லார் பேரையும் திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டிருக்கு!"