எச்சில் கேட்டு வந்த மிஸ்

ஊவா மாகாணத்திலேயே எச்சிலை மரியாதையாகக் கேட்டு வாங்கத் தெரிந்த மனுஷி ஒருவர்தான். அரசியல்வாதி வோட்டுக் கேட்பார், கோயில்காரர் நன்கொடை கேட்பார். இவர் எச்சில் கேட்டார். அதுவும் குடும்பத்தோடு: அப்பா கொஞ்சம், அம்மா கொஞ்சம், பிள்ளை கொஞ்சம். வாப்பா வைத்த பெயர் ஏதோ அழகான பெயர்தான். ஆனால் நமுனுகுல மலைக்கு அவர் ‘எச்சி மிஸ்’. அதற்கு மேல் ஒரு பெயரை அந்த மலை ஏற்றுக்கொள்ளவில்லை.

பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த வாத்தியார் நான். மிஸ் கொழும்பில் படித்து, அங்கேயே ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்து, ஓட்டிசம் பற்றிய ஆராய்ச்சிக்காக ஊருக்கே திரும்பி வந்திருந்தார். பேச்சும் பழக்கமும் வேறொரு தாளத்தில் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா, அந்தத் தாளம் எந்த மரபணுவில் பிறக்கிறது, உடம்பின் எந்த இரசாயனத்தில் ஒலிக்கிறது என்று தேடுகிற வேலை. மரபணு எச்சிலுக்குள்ளேயே கிடைக்கும் என்று அவர் சொன்ன அன்று, வீணாக்கக் கூடாதென்று நான் ஒரு நாள் முழுக்கத் துப்பவில்லை.

“சேர், ஸ்கூல் லீவுதானே? என்ன வேலை ஈக்கு?”

“கொப்பி திருத்தணும்.”

“கொப்பி எங்கயும் ஓடாது. எழும்புங்க. நீங்க பிறந்த தோட்டத்துக்குத்தான் போறோம்.”

இப்படித்தான் நான் வழிகாட்டியானேன். தோளில் நீலநிற ஐஸ் பெட்டி, காலில் மலைக்கு ஒவ்வாத மெல்லிய செருப்பு, வாயில் ஓயாத பேச்சு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகள் எல்லாம் பின்னால் வருவார்கள், ஐஸ்பழம் என்று நினைத்து. பெட்டிக்குள் இருப்பதோ, அந்த இரசாயனத்தைப் பார்க்க முந்திய தோட்டத்தில் எடுத்த காலைச் சிறுநீர்.

“தெறந்து காட்டுங்க மிஸ்!”

“தெறந்தா ஆயுசுக்கும் ஐஸ்பழம் தின்ன மாட்டீங்க மக்காள்!”

எச்சில் எடுப்பது சுலபம் என்று நினைத்துத்தான் வந்தார். அதற்கு ஒரே ஒரு விதி: துப்புவதற்கு முன் அரை மணி நேரம் வாயில் எதுவும் படக்கூடாது. கொழும்பில் அது விதி. எங்கள் மலையில் அது பகற்கனவு. வீட்டுக்கு ஆள் வந்தால் தேத்தண்ணி வரும். “எனக்கு மட்டும் தாங்க, நீங்க குடிக்க வேணாம்” என்று மிஸ் கெஞ்சுவார். “விருந்தாளியத் தனியாக் குடிக்க விட்டுட்டு வேடிக்கை பாக்க நாங்க என்ன மாடா?” என்பார்கள். எல்லோரும் குடிப்பார்கள். அரை மணி புதிதாகத் தொடங்கும். அது முடியப்போகும் நேரம் பக்கத்துக் காம்பராக்காரி ஒரு கேத்தலோடு வருவாள், “எங்க வீட்டுத் தேத்தண்ணிய மட்டும் மிஸ் குடிக்க மாட்டாங்களோ?” என்று. மறுபடியும் அரை மணி. ஒரு லயத்தில் மதியம் தொடங்கி இருட்டும்வரை குடித்தோம். எச்சில் ஒரு சொட்டு இல்லை. ஐஸ் பெட்டியைவிட நாங்கள் நிறைந்திருந்தோம்.

அடுத்த வாரம் மிஸ் வழி கண்டுபிடித்தார். “எனக்கு இண்டைக்கு நோன்பு” என்றார் வாசலிலேயே. கேத்தல் அடுப்பை விட்டு இறங்கிவிட்டது. “பாவம், மிஸ் பச்சத்தண்ணி குடிக்காம இருக்காங்க, நாம குடிக்கிறதா?” வீடே வாயைக் கட்டிக்கொண்டது. அரை மணியில் எச்சில் வந்தது.

“நல்ல தந்திரம் மிஸ்,” என்றேன் இறங்கும்போது.

“தந்திரமா? நோன்பைப் பத்திப் பொய் சொல்ல ஏலுமா சேர்? உண்மையாவே பிடிச்சித்தான் ஈக்கிறேன்.”

அன்று முதல் எச்சில் எடுப்பது, அவர் நோன்பு பிடிக்கிற திங்களும் வியாழனும் என்று ஆகிவிட்டது. விஞ்ஞானத்துக்காக நோன்பு பிடித்த மனுஷியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவருக்கு நோன்பு, எனக்குச் சும்மா பட்டினி.

இன்னொரு தொல்லை மரியாதை. “உங்க மூஞ்சிக்கு முன்னால துப்புறதாவது! அடிச்சாலும் செய்ய மாட்டேங்க,” என்று மீசைக்காரக் கங்காணிகள்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். மிஸ் என்ன செய்தார்? தானே ஒரு சோதனைக் குழாயை எடுத்து, நடுவீட்டில் நின்று, வாயைக் குவித்துத் துப்பிக் காட்டினார். “இந்தாங்க, நானே மரியாதை கெட்டுட்டேன். இப்ப உங்கட முறை!” லயமே சிரித்தது. சிரிப்போடு எச்சிலும் வந்தது.

இப்படியே நடந்து கடைசிக் குடும்பத்துக்கு வந்தோம். அதுவும் கிடைத்தால் மிஸ்ஸின் வேலை முடியும். கிடைக்காவிட்டால் கொழும்புப் பேராசிரியரின் வாயில் விழ வேண்டும். சிவா, அவன் மனைவி புஷ்பம், மகள் அஞ்சு. அஞ்சுவுக்குப் பேச்சில்லை. நாங்கள் வந்ததும் வராததுமாக மிஸ்ஸின் செருப்பில் ஒன்றைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அப்பாவின் மடியில் ஏறிவிட்டாள். மிஸ் அதற்கும் சிரித்தார்.

புஷ்பம் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். குழாயை நீட்டியதும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஏனென்று கேட்கவே தேவையிருக்கவில்லை. சிவாவின் அக்கா ராசம்மா வாசலில் நின்று ஊருக்கே சொன்னாள்:

“இன்னைக்குத் தெரிஞ்சிரும்ல, புள்ளைக்கு யாரு இரத்தத்துல வந்துச்சுன்னு! இவ பக்கம்னு வரட்டும், பொட்டியோட பூனாகலைக்கு, ஆத்தா வீட்டுக்கே அனுப்பிருவேன். தம்பிக்கு வேற எடம் பாத்து வச்சிருக்கேன்.”

மிஸ் குழாயைக் கீழே வைத்தார். “யாரு சொன்ன இது தீர்ப்பு எண்டு? ஒரு மரபணு இல்ல அக்கா, நூத்துக்கணக்குல ஈக்கு. பாதி தாய்ட, பாதி தகப்பண்ட. சில நேரம் ரெண்டு பேர்கிட்டயும் இல்லாம புள்ளையில புதுசாவும் வரும். எங்களுக்கே இன்னும் முழுசா விளங்கல.”

“அதெல்லாம் தெரியாது. இவ அண்ணன் ஆறு வயசு வரைக்கும் ஊமையாத் திரிஞ்சான்.”

“அப்படியா? அப்ப உங்கட பக்கத்தையும் பாப்போம். வாங்க, நீங்களும் துப்புங்க.”

ராசம்மா வாசலைத் தாண்டிப் போய் நின்றாள். “எனக்கு வாய் காஞ்சு கெடக்கு!”

லயம் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. குழாய்களைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். “இந்த வீட்டுல எச்சில் எடுக்க மாட்டேன். இதை வெச்சி ஒரு பொம்பளையை வெளியே அனுப்பிறதெண்டா எனக்கு இந்த ஆராய்ச்சியே வேணாம். வாங்க சேர்.”

ஒற்றைச் செருப்போடு தேயிலைக்கு நடுவே நடக்கத் தொடங்கிவிட்டார். மகளை மடியில் வைத்திருந்த சிவாவின் குரல் பின்னால் எழுந்தது.

“அக்கா, போதும். யாரு இரத்தமோ எனக்கென்ன? அவ இல்லாத நாள்ல இந்தப் புள்ள என் கையால ஒரு வாய் தின்னிருக்குதா? அவ பொட்டியத் தூக்குனா நானும் புள்ளயும் பின்னாலயே போவோம். நீ பாத்து வச்ச எடத்துல நீயே போயிக் குடியிரு!”

நாங்கள் முடுக்கில் திரும்பும்போது புஷ்பம் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மிஸ், திரும்பி வாங்க. நான் துப்புறேன். யாரும் சொல்லல. நானாத்தான்.”

“பயமில்லையா?”

“அவரு சொன்னது கேட்டுச்சுல்ல?”

மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் விதி விதிதானே. “அரை மணிக்குள்ள வாயில ஏதும் பட்டதா?”

“கண்ணீரு மட்டுந்தான் மிஸ்.”

“அது பரவாயில்ல,” என்றார் எச்சி மிஸ். “கொப்புளிச்சிட்டு வாங்க, நான் காத்திருக்கேன்.”

இப்போது அவர் கொழும்பில். ஆராய்ச்சி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம். தேடினால் விடை ஒன்று கிடைக்கிறதாம், அதற்குள்ளிருந்து பத்துக் கேள்வி கிளம்புகிறதாம். மாதம் ஒருமுறை ஃபோன் எடுப்பார். நான் சுகமா என்று அவர் கேட்பதில்லை. “சேர், புஷ்பம் அங்கதான் ஈக்கிறாளா? சந்தோசமா ஈக்கிறாளா?” என்றுதான் கேட்பார். ஃபோனிலேயே ‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் நமுனுகுல பஸ்ஸைப் பிடித்து, வலிக்கிற முட்டியோடு மேடேறி, புஷ்பத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன். வேறு யார் கேட்டாலும் அந்த மேட்டை ஏற மாட்டேன்.